கேள்வி யாருடையது? – ஞாயிறு பள்ளியும் தலித் பிள்ளைகளும்

(குமாரபாளையத்தில் இயக்க ஊழியர்களும் மாணவர்களும் கூடிய பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெருமளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)



பிள்ளைகளுக்கும் மற்ற வயதுக்காரர்களுக்கும் கிறிஸ்தவ நம்பிக்கையைப் பயனுள்ள வகையில் கற்பிப்பது எப்படி என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். 'இயக்க மேடையில இந்தப் பேச்சு எதுக்கு?' என்று சில தோழர்கள் முகத்திலேயே எழுதியிருக்குது. நியாயமான கேள்விதான். அதுக்கு முதல்ல பதில் சொல்லிட்டு மேலே போறேன்.

இந்தக் குமாரபாளையத்துலயும், பாலத்தைத் தாண்டினா பவானியிலயும், பள்ளிபாளையம், திருச்செங்கோடு பக்கமும், ஞாயிற்றுக்கிழமை காலையில நம்ம பிள்ளைகள் கணிசமான பேர் ஏதாவது ஒரு ஜெபக் கூடத்துல, சர்ச்சுல, வீட்டுத் திண்ணையில உக்காந்து பாட்டுப் படிச்சிக்கிட்டிருக்காங்க. நாம விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அங்க அவங்களுக்கு ஒரு கல்வி நடக்குது. தான் யார், தன் உடம்பு எப்படிப்பட்டது, தன் அப்பன் ஆயி ஏன் இப்படி இருக்காங்க, இதெல்லாம் மாறுமா மாறாதா என்பதற்கெல்லாம் அங்கே விடை கொடுக்கப்படுகிறது. நாம மாதம் ஒருமுறை நடத்துகிற கூட்டத்தைவிட வாரம் ஒருமுறை நடக்கிற அந்த ஒரு மணிநேரத்துக்கு வலு அதிகம். அதனாலதான் அது இயக்கத்தின் பிரச்சினை. நான் யாரையும் மதம் மாறச் சொல்லவும் வரல, மாறினவங்களைத் திரும்பி வரச் சொல்லவும் வரல. அந்த ஒரு மணிநேரத்துக்குள்ள நடப்பது விடுதலையா அடிமைத்தனமா என்று பார்க்கத்தான் வந்திருக்கேன். ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளோட உக்காந்து பாடம் நடத்துகிறவன் என்பது மட்டும்தான் இதுல எனக்குள்ள தகுதி.

தமிழில் அச்சேறிய புத்தகங்களின் வரலாறே இந்தப் பாடத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' சிறுவர்க்கும் புதிதாய் வந்தவர்க்குமான ஞானோபதேச நூல். மறு ஆண்டு, 1579-ல், கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. இரண்டும் அண்டிறிக் பாதிரியார் என்ற என்றிக்கே என்றீக்கசின் வேலை. இரண்டாவது நூல் குருவும் சீடனும் பேசிக்கொள்கிற கேள்வி–பதில் வடிவம். அதற்கும் முன்னால், 1542-க்குப் பிறகு முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பிரான்சிஸ் சவேரியார் தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மந்திரங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். பிள்ளைகள் வழியாகப் பெற்றோரைப் பிடிப்பது என்கிற உத்தி அவ்வளவு பழசு.

இதுல கவனிக்க வேண்டிய ஒன்று இருக்குது. ஞானோபதேசத்தில் கேள்வி இருக்கிறது, பதிலும் இருக்கிறது. ஆனா கேள்வி பிள்ளையுடையது இல்ல. பதிலும் பிள்ளையுடையது இல்ல. கேட்பவரே பதிலையும் எழுதி வைத்துவிட்டார். பிள்ளைக்கு மிச்சம் என்ன? வாய் மட்டும். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெயிரே வங்கியில பணம் போடுகிற மாதிரிக் கல்வி என்று சொன்னாரே, அதுதான் இது. வாத்தியார் போடுவார், பிள்ளை வைத்திருக்கும், பரீட்சையில வாத்தியார் எடுத்துக்கொள்வார். பிரெயிரே கிறிஸ்தவர் என்பதையும், 1970 முதல் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் கல்விப் பணியில் பத்தாண்டுக் காலம் இருந்தார் என்பதையும் நம்ம ஊர் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

இப்ப வேதாகமத்தையே எடுத்துக்குவோம். பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று அதில் எங்கே சொல்லியிருக்கிறது? யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பஸ்கா விருந்தைப் பற்றிச் சொல்லும்போது, உங்கள் பிள்ளைகள் இதன் பொருள் என்னவென்று கேட்கும்போது இன்ன பதில் சொல்லுங்கள் என்று வருகிறது. உபாகமம் ஆறாம் அதிகாரத்திலும் அதே அமைப்பு. நாளைக்கு உன் மகன் இந்தச் சட்டங்களெல்லாம் எதற்கு என்று கேட்டால் நீ சொல்ல வேண்டிய முதல் செய்தி, நாங்கள் எகிப்தில் பார்வோனுக்கு அடிமைகளாக இருந்தோம் என்பது. இரண்டாவது செய்தி, அங்கிருந்து வெளியே வந்தோம் என்பது. யூத வீடுகளில் இன்றைக்கும் பஸ்கா இரவில் வீட்டின் கடைசிப் பிள்ளைதான் கேள்வி கேட்கிறது. அடிமை வாழ்வின் கசப்பை மறக்கக் கூடாது என்பதற்காகக் கசப்புக் கீரையைத் தின்கிறார்கள்.

பாருங்க தோழர்களே. அடிமைகளாக இருந்த ஒரு சனம் தன் பிள்ளைக்கு நம்பிக்கையைக் கற்பிக்கிற முறை இது. கேள்வி பிள்ளையுடையது. பதில் தன் சனத்தின் வரலாறு. அதில் வெட்கம் இல்லை, ஒளித்து மறைத்தல் இல்லை. நம்ம ஞாயிறு பள்ளியில இதுல எது நடக்குது? பத்துக் கட்டளையை ஒப்பிக்கிறோம். ஆனா அந்தப் பத்துக் கட்டளையின் முன்னுரையே அடிமை வீட்டிலிருந்து விடுவித்த கதைதான் என்பதைச் சொல்லிக் கொடுக்கிறோமா?

இயேசுவின் சிறுபிராயத்தைப் பற்றி லூக்கா சொல்கிற ஒரே கதையும் இப்படித்தான். பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்துகொண்டிருந்தார்? மனப்பாட வசனமா ஒப்பித்தார்? கேட்டுக்கொண்டிருந்தார், கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நம்ம ஊர்ல ஒரு அருந்ததியர் பையன் போதகர்கிட்ட, ஐயரே, கீழத்தெருப் பிள்ளைகள் மட்டும் ஏன் பின்னால உக்காரணும்னு கேட்டா அவனுக்குப் பேரு என்ன? அடங்காதவன்.

ஞாயிறு பள்ளி என்ற அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிடறேன், ஏன்னா அது நம்ம ஊருக்கு ரொம்பப் பொருத்தம். 1780-ல் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் தொடங்கியதுதான் இது பரவக் காரணம். அந்த ஊர்ல குண்டூசி செய்யும் பட்டறைகள். பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாளும் பட்டறையில். ஓய்வு ஞாயிறு மட்டும். அந்த ஒரு நாளில் அவர்களுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதாவது ஞாயிறு பள்ளி பிறந்தது தொழிலாளிப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமாக. பின்னால ஒரு சண்டை வந்தது. வேதம் படிக்க வாசிப்பு போதும், ஓய்வுநாளில் எழுதவும் கற்றுத் தரலாமா என்று. எழுதத் தெரிந்தால் ஏழைப்பிள்ளை என்னென்ன எழுதுமோ என்ற பயமும் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்கு இருந்தது. 1876-ல் அலகாபாத்தில் இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியம் உருவானது. நாடு முழுக்கப் பரவியது. பரவும்போது பாட்டு வந்தது, பரிசு வந்தது, படம் ஒட்டிய அட்டை வந்தது. பட்டறைப் பிள்ளையின் பள்ளிக்கூடம் என்ற நினைவு மட்டும் வழியிலேயே தொலைந்துபோச்சு.

குமாரபாளையத்துல அது தொலைந்திருக்கக் கூடாது. இங்க கைலியும் துண்டும் நெய்கிற தறிக்குடோன்கள் தெருவுக்குத் தெரு. தார் சுத்துறதுலயும், பாவு பிணைக்கிறதுலயும் எத்தனை தலைமுறை பிள்ளைக்கை பட்டிருக்குது. முன்பணம் வாங்கினவன் கடன் தீரும்வரை அந்தப் பட்டறையை விட்டு நகர முடியாது. 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனா முன்பணம் என்ற பேரில் அந்தக் கயிறு அறுபடல. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் வட்டாரத்தில் விசைத்தறித் தொழிலாளிகளின் கடனைப் பயன்படுத்திச் சிறுநீரகத்தை விலை பேசிய தரகர்களைப் பற்றிச் செய்தி வந்ததே, எல்லாரும் படிச்சோம்.

இப்ப ஒரு வார்த்தையை மட்டும் கவனிங்க. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில், பழைய புரொட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பில் 'கடன்' என்ற சொல் இருக்குது. கத்தோலிக்கர் சொல்கிற ஜெபத்தில் அந்த இடத்தில் 'குற்றம்' என்று இருக்கிறது. விளக்கம் சொல்கிற போதகர், 'கடன் என்றால் இங்கே பாவம் என்று பொருள்' என்று அவசரமாகத் தாண்டிப் போய்விடுவார். மத்தேயுவின் கிரேக்கத்தில் அது கடன்தான். ரோமை வரிக்கும் நிலக்காரன் வட்டிக்கும் நடுவில் நசுங்கிய கலிலேயாக் குடியானவர்களிடம் சொல்லப்பட்ட ஜெபம் அது. தறிக்காரன் பிள்ளைக்கு அந்த வார்த்தைக்கு விளக்கம் எதுக்குங்க? அவனுக்குத் தெரிந்த வார்த்தைகளிலேயே கனமான வார்த்தை அதுதான். அந்த இடத்தில் நிறுத்தி, 'உங்க வீட்டுல கடன் இருக்குதா, யாருக்கு, எப்படி வந்துச்சு?' என்று கேட்டால் அன்றைய பாடம் தன்னால நடக்கும். அதோட நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தைச் சேர்த்துப் படித்தால் போதும். சனங்கள் தங்கள் மகன்களையும் மகள்களையும் கடனுக்காக அடிமைகளாக விட்டோம் என்று கூச்சல் போடுகிறார்கள். நெகேமியா கூட்டத்தைக் கூட்டிப் பெரிய மனிதர்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறார். நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். இந்த அதிகாரத்திலிருந்து ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சரி, வயது வாரியாகச் சொல்றேன்.

முதல்ல சின்னப் பிள்ளைகள். நாலு வயசுலேருந்து ஏழு எட்டு வரைக்கும். விடுமுறை வேதாகமப் பள்ளியில எழுத்தில்லாத புத்தகம் என்று ஒன்று காட்டுவார்கள். பக்கங்களில் நிறம் மட்டும் இருக்கும். 1866-ல் லண்டன் பிரசங்கி ஸ்பர்ஜன் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்ற மூன்று நிறத்தோடு தொடங்கியது. பிறகு பொன்னிறமும் பச்சையும் சேர்ந்தது. கறுப்பு என்றால் பாவம். வெள்ளை என்றால் கழுவப்பட்ட இருதயம். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் புரியும் என்று பெருமையாகச் சொல்வார்கள். புரியத்தான் செய்யுது! கறுத்த பிள்ளை தன் கையைப் பார்த்துக்குது. பள்ளிக்கூடத்துல நிறத்தைச் சொல்லிக் கேலி, தெருவுல சாதியைச் சொல்லிக் கேலி, கடைசியா கடவுள் வீட்டுலயும் கறுப்புதான் பாவமா?

அம்பேத்கர் மதம் மாறியவர்களின் நிலை பற்றி எழுதிய கட்டுரையில் இதை ஆழமாகத் தொட்டிருக்கிறார். இந்துவாக இருந்தபோது தன் தாழ்வுக்குக் காரணம் கர்மம் என்று தீண்டப்படாதவன் நம்பினான். கிறிஸ்தவனான பின்பு ஆதிபிதாவின் பாவம் என்று நம்பக் கற்றுக்கொண்டான். இரண்டிலும் காரணம் அவன் பக்கமே நிற்கிறது, சமூகம் தப்பித்துக்கொள்கிறது. இந்த விமர்சனத்துக்குப் பதில் சொல்லாத எந்தக் கிறிஸ்தவக் கல்வியும் நம் பிள்ளைகளுக்கு உதவாது. ஆகவே சின்னப் பிள்ளைகளுக்குப் பாவத்தில் தொடங்காதீர்கள். ஆதியாகமமே பாவத்தில் தொடங்கவில்லை. மனுசரைத் தன் சாயலில் படைத்தார், நல்லது என்று கண்டார் என்றுதான் தொடங்குகிறது. நீ கடவுளின் சாயல், உன் கறுப்பும் சேர்த்து. இதைக் குறைந்தது ஒரு வருடம் சொல்லுங்கள். பாவத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். அப்போதும் தீண்டாமை என்ற பாவத்தில் தொடங்குங்கள். அதைச் செய்தவன் யார் என்று பிள்ளைக்கே தெரியும்.

இந்த வயசுக்கு இன்னொரு விசயம் மொழி. கொங்குப் பகுதி அருந்ததியர் வீடுகளில் பலவற்றில் தெலுங்கு பேசுகிறார்கள், சிலவற்றில் கன்னடம். பிள்ளை வீட்டில் ஒன்று பேசி, தெருவில் கொங்குத் தமிழ் பேசி, சர்ச்சுக்கு வந்தால் 1871-ல் அச்சான மொழிபெயர்ப்பின் வடமொழித் தமிழ்: கிருபை, பிராயச்சித்தம், பரிசுத்தம். மூன்று சுவர் தாண்டித்தான் சாமியைப் பார்க்க முடியுது. பெந்தெகொஸ்தே நாளில் அவரவர் பிறந்த மொழியில் கேட்டார்கள் என்பதுதானே அப்போஸ்தலர் நடபடிகளின் கதை? அப்படின்னா நல்ல சமாரியன் கதையை அந்தப் பிள்ளையின் ஆயா பேசுகிற தெலுங்கில் ஏன் சொல்லக் கூடாது? எங்க தெருவில சொல்லிப் பார்த்தோம். அதுவரை வாயே திறக்காத பிள்ளை, பாதியில் குறுக்கிட்டுக் கதையைத் தானே சொல்ல ஆரம்பிச்சிருச்சு.

அதே மொழிபெயர்ப்பில் 'தீட்டு' என்ற சொல்லும் வருகிறது. லேவியராகமம் முழுக்க. நம்ம பிள்ளைக்கு அது வெறும் சொல் இல்ல. டீக்கடை டம்ளரில், கோயில் வாசலில், பள்ளிக்கூடத் தண்ணித் தொட்டியில் பட்ட அனுபவம். அதனால அந்தச் சொல் வரும்போது, மாற்கு முதல் அதிகாரத்தில் குஷ்டரோகியை இயேசு கை நீட்டித் தொட்ட கதையை உடனே பக்கத்தில் வைக்கணும். வார்த்தையால் மட்டும் குணமாக்கத் தெரிந்தவர் ஏன் தொட்டார்? இந்த ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் விடுங்கள். தொட்டால்தான் தீட்டு உடையும் என்று அவர்களே சொல்வார்கள்.

அடுத்தது எட்டு முதல் பன்னிரண்டு. இது கேள்வி கேட்கிற வயசு. இந்த வயசுலதான் நாம மனப்பாடப் போட்டி வைத்து வாயை அடைக்கிறோம். நூறு வசனம் சொன்னால் டிபன் பாக்ஸ் பரிசு. நான் வசனத்துக்கு எதிரி இல்ல. மனப்பாடம் ஏழைகளின் நூலகம். ஆனா ஒரு வசனத்துக்கு ஒரு கேள்வி என்று வையுங்கள். சொன்ன வசனத்துக்குப் பரிசு இருக்கட்டும், கேட்ட கேள்விக்கு இரட்டைப் பரிசு கொடுங்கள்.

இன்னொரு வேலையும் இந்த வயசுக்குக் கொடுக்கலாம். வீட்டில் இருக்கிற தாத்தாவிடம், அப்பச்சியிடம் போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். நீ பண்ணையாளா இருந்தியா? என்ன கூலி? செருப்புப் போட்டு ஊருக்குள்ள போக முடிஞ்சதா? நம்ம வீட்டுக்கு ஏசு எப்ப வந்தார், யார் கொண்டுவந்தாங்க, எதுக்காக ஏத்துக்கிட்டோம்? உபாகமம் சொல்கிற பாடம் இதுதான். நாங்கள் அடிமைகளாக இருந்தோம் என்ற வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறார்கள். 1827-ல் லண்டன் மிஷனின் ஹென்றி கிறிஸ்ப் சேலத்துக்கு வந்ததும், கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் காய்ச்சலில் அங்கேயே இறந்ததும் சபை வரலாற்றில் இருக்கிறது. இருக்கட்டும், அவர்கள் உழைப்பை நான் மறுக்கல. ஆனா வெள்ளைக்காரத் துரை வந்த தேதி தெரிந்த பிள்ளைக்கு, தன் பாட்டன் எந்தப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தான் என்பது தெரியலைன்னா அது யாருடைய வரலாறு?

மூன்றாவது, பதிமூன்றிலிருந்து இருபது. இங்கதான் நம்ம கல்வி தோற்றுப்போகிறது, ஏன்னா இங்கதான் வாழ்க்கை நேரடியாக் கேள்வி கேட்குது. முதல் கேள்வி சாதிச் சான்றிதழ். 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதியினர் என்றது. 1956-ல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். 1990-ல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதரவாகத் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் பி.சி. பட்டியலில். ஊர் அவனை எந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது? பழைய பட்டியலில்தான். அதே சேரி, அதே சுடுகாடு.

அதனால பிள்ளைக்கு ரெண்டு பேரு. ஞானஸ்நானப் பேரு சர்ச்சுக்கு, இன்னொரு பேரு சான்றிதழுக்கு. ஞாயிறு பள்ளி அவனுக்குப் பொய் சொல்லாதே என்கிறது. கல்லூரியில் சேரும் நாளில் அவன் தன் நம்பிக்கைக்கும் படிப்புக்கும் நடுவில் நிறுத்தப்படுகிறான். அப்போது அவனிடம் 'விசுவாசத்தில் உறுதியாயிரு' என்று சொல்லிவிட்டுப் போவது கோழைத்தனம். பொய் சொல்ல வைத்தது யார் என்று கற்பிப்பதுதான் சரியான வேதபாடம். ஆகஸ்ட் 10 கறுப்பு நாள் என்பதும், 2007 முதல் நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு என்று ஒன்று இருப்பதும் வாலிபர் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும். அது திருச்சபை நாட்காட்டியில் அச்சடித்த ஒரு வரியாக மட்டும் இருந்து பயனில்லை.

இரண்டாவது கேள்வி காதல். 2015 ஜூன் 24-ஆம் தேதி பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கோகுல்ராஜின் உடல் கிடந்தது. ஓமலூர்ப் பையன், பொறியியல் படித்தவன், தலித். வேறு சாதித் தோழியோடு திருச்செங்கோட்டுக் கோயிலில் பேசிக்கொண்டிருந்ததுதான் குற்றம். 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023-ல் உயர்நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. நமக்கு எத்தனை கிலோமீட்டர் தூரம் இது? அந்த வாரம் நம் வாலிபர் கூட்டங்களில் என்ன வேதபாடம் நடந்தது? உலக ஆசையை விட்டு விலகுதல் பற்றியும், சினிமா பார்க்கக் கூடாது என்பது பற்றியும் நடந்த இடம் எனக்குத் தெரியும். மோவாபிய ரூத்தின் கதை கையில் இருக்கிறது. அந்நிய சாதிப் பெண், தாவீதின் கொள்ளுப்பாட்டி, இயேசுவின் வம்ச வரலாற்றில் பெயரோடு வருகிறவள். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அப்படியானால் நம் சபைக் கல்யாணங்கள் ஏன் சாதி பார்த்து நடக்கின்றன என்று கேட்க எத்தனை பேருக்குத் துணிச்சல்?

சாதி வெளியேதான் இருக்கிறது, சபைக்குள் இல்லை என்று எந்த வாலிபனுக்கும் பொய் சொல்லாதீர்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1706-ல் இறங்கிய அந்த முதல் புரொட்டஸ்டண்ட் மிஷனிலேயே சாதிவாரியாகத் தனித்தனி இடம். 1733-ல் முதல் இந்தியப் புரொட்டஸ்டண்ட் குருவாக வேளாளரான ஆரோன் அபிஷேகம் பெற்றார். பறையரான உபதேசியார் ராஜநாயக்கன் எவ்வளவு உழைத்தும் அந்த இடம் கொடுக்கப்படவில்லை, அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக்காரர் தயங்குவார்கள் என்பதால். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூர் சபை கலகம் செய்தது. எறையூரில் 2008 மார்ச்சில் பங்குச் சண்டை துப்பாக்கிச் சூடு வரை போய் இரண்டு உயிர் போனது. 2016 டிசம்பரில் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையிலேயே திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்காக என்று கன்னியாஸ்திரீ ஆனவர், மடத்துக்குள் எதைப் பார்த்து வெளியேறினார் என்பதை நம் வாலிபர்கள் படிக்கட்டும். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முன்னாலேயே தின்று முடிக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றதைப் பவுல் எவ்வளவு காட்டமாகக் கண்டித்தார் என்பதையும் அதோடு சேர்த்துப் படிக்கட்டும்.

நான்காவது, பெரியவர்கள். குறிப்பாகப் பெண்கள். ஷிப்ட் முடிந்து வந்து, உலை வைத்து, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு உட்காருகிறவர்களுக்குப் பிரசங்கம் செய்வது கொடுமை. நிக்கராகுவாவில் சொலெந்தினாமே என்ற தீவுக் கூட்டத்தில் 1966 முதல் எர்னெஸ்டோ கார்தினால் என்ற கவிஞர்–பாதிரியார் ஒரு முறையைக் கையாண்டார். ஞாயிறன்று சுவிசேஷத்தை ஒருவர் வாசிப்பார், பிறகு மீனவரும் குடியானவரும் பேசுவார்கள். பாதிரியாரின் பிரசங்கம் அந்த உரையாடல்தான். 1977-ல் சோமோசாவின் படை அந்தக் குடியிருப்பை அழித்தது. வேதபாட வகுப்பைப் பார்த்து ஒரு சர்வாதிகாரி பயந்தான் என்றால் அந்த வகுப்பு உருப்படியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நாங்களும் திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் கதையை இப்படி வாசித்தோம். காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. கடவுளின் கிருபை என்று விளக்கம் சொல்லத் தயாராக இருந்தேன். அதுக்குள்ள ஒரு அம்மா சொன்னாங்க: "கடைசியா வந்தவன் சும்மாவா நின்னான்? கூப்பிட ஆளில்லாம நின்னான். அவன் வீட்டுலயும் உலை வைக்கணுமில்லீங்களா?" மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று நாம் அறிந்தவர், 2005-ல் மறைந்தார். ஒரே உலை, ஒன்றாகச் சமைத்து ஒன்றாகத் தின்பது என்பதை இறையியலின் நடுவில் வைத்தவர் அவர். அந்த அம்மா அவரைப் படித்ததில்லை. படிக்காமலே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1980-களில் குருகுல் கல்லூரியில் ஏ.பி. நிர்மல் தலித் இறையியலுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். பெரிய காரியம். ஆனால் அது கருத்தரங்குகளில் தங்கிவிட்டது. ஞாயிறு பள்ளிப் பாடப் புத்தகத்துக்கு இறங்கி வரவே இல்லை. இறக்கிக் கொண்டுவருவது இங்கே இருக்கிற மாணவர்களின் வேலை.

கடைசியாகக் கிழடுகட்டைகள். அவர்களுக்குக் கற்பிக்க எதுவும் இல்லை, அவர்களிடம் கற்கத்தான் இருக்கிறது. அவர்களுக்கு ஒப்பாரி தெரியும், தப்பட்டை அடி தெரியும். சாவுமேளம் என்று சொல்லி அந்தத் தப்பட்டையை வாசலிலேயே நிறுத்தியதே சபை, அதை உள்ளே கொண்டுவந்தவர்களில் பரட்டை முக்கியமானவர். கீபோர்டு வாங்க வசூல் செய்கிற சபை, தப்பட்டையைக் காய்ச்சி உள்ளே கொண்டுவரட்டும். அடிக்கிறவர் அதைத் தன் பேரனுக்குச் சபை நடுவில் சொல்லிக் கொடுக்கட்டும். ஆனால் ஒன்று: அவர் பிழைப்புக்கு அடித்த கட்டாயத்தை மறக்காமல். கட்டாயமாக அடித்ததற்கும் தானாக அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் பேரன் கற்க வேண்டிய பாடம்.

இதுக்கெல்லாம் ஒரு எதிர்ப்பு வரும். 'இது அரசியல், விசுவாசம் எங்கே?' என்பார்கள். கறுப்பை பாவம் என்று காட்டினபோது அது அரசியல் இல்லையா? கடனைத் தாண்டிப் போனபோது அது அரசியல் இல்லையா? நம்ம தோழர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு எதிர்ப்பு உண்டு. 'மதத்துக்குள்ளேயே விடுதலை தேடினால் மதம் விழுங்கிவிடும்' என்று. அந்த ஆபத்து உண்மை. நான் மறுக்கவில்லை. அதற்குத்தான் ஒரு அளவுகோல் வேண்டும். எத்தனை வசனம் தெரியும், எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்பதை விட்டுவிடுவோம். நம் வகுப்பில் ஐந்து வருடம் இருந்த பிள்ளை தன் சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவனை நிமிர்ந்து பார்க்கிறதா? தனி டம்ளரை நகர்த்தி வைக்கிறதா? தன்னைவிடக் கீழே என்று வைக்கப்பட்ட சாதிப் பிள்ளையோடு ஒரே தட்டில் தின்கிறதா? தன் அக்காவின் காதலுக்குத் துணை நிற்கிறதா? போதகரானாலும் இயக்கத் தலைவரானாலும் கேள்வி கேட்கிறதா? ஆம் என்றால் கல்வி நடந்திருக்கிறது. இல்லை என்றால் நாம் நடத்தியது பாட்டு வகுப்பு.

செய்ய வேண்டியது மூன்று சொல்லிட்டு முடிச்சுக்கறேன். ஒன்று, இங்கே இருக்கிற மாணவர்கள் ஆளுக்கு ஒரு தெருவில் ஞாயிறு ஒரு மணிநேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர் அல்லாத தோழர்களும் வரலாம். எழுத்துக் கூட்டவும், சான்றிதழ் விண்ணப்பம் எழுதவும், முன்பணக் கணக்கைச் சரிபார்க்கவும் கற்றுக் கொடுக்கலாம். ரெய்க்ஸ் காலத்து ஞாயிறு பள்ளி அப்படித்தான் இருந்தது. இரண்டு, பிள்ளைகள் கேட்கிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருடக் கேள்விகளைத் தொகுத்தால் அதுதான் நம் ஞானோபதேசம். பதில் எழுத அவசரப்பட வேண்டாம். மூன்று, நம் பகுதியில் எந்தச் சபையில் எந்த வகுப்பில் பிள்ளைகள் சாதிவாரியாக உட்காருகிறார்கள் என்று கணக்கெடுத்து, அடுத்த தலித் விடுதலை ஞாயிறுக்குள் அந்தந்தச் சபையின் பொறுப்பாளர்கள் முன் வைப்போம். அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கட்டும்.

விவாதிப்போம்.